ருவாண்டாவைச் சுற்றிப் பார்க்க எது தோது: பேருந்தா, மோட்டோவா, வாடகைக் காரா?

ருவாண்டாவின் மொத்தப் பரப்பே 26,338 சதுர கிலோமீட்டர்தான். தலைநகர் கிகாலி கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்குக் காலையில் கொரில்லா, மாலையில் கிவு ஏரி, மறுநாள் யானை என்று ஆசை கிளம்புவது இயல்பு. அங்கே போன பிறகுதான் கணக்கு உதைக்கும். இந்த நாட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் யோசிக்கக் கூடாது, மணியில் யோசிக்க வேண்டும். நாடு முழுக்க மலை. சாலை ஒவ்வொரு மலையையும் சுற்றிச் சுற்றித்தான் ஏறி இறங்கும். போதாததற்கு, பயணிகள் வண்டிகளில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். காருக்கும் பல இடங்களில் வரம்பு அதே 60, சில இடங்களில் 40.

ஆகவே கிகாலியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் முசான்ஸேக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். அதே சாலையில் மேலே போனால் ருபாவு, மூன்றரை மணி. தெற்கே ஹுயே, இரண்டரை முதல் மூன்று மணி. மேற்கே ஏரிக்கரையில் கரோங்கி, மூன்று மணி. தென்மேற்கு மூலையில் ருசிஸி, ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். சொந்தக் காரில் போனாலும் இதில் பெரிதாக மிச்சப்படாது. காரை எடுப்பதற்கு வேகம் ஒரு காரணமே இல்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிது.

ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. 2006இல் நிர்வாகச் சீரமைப்பில் பல பெயர்கள் மாறின. ருஹெங்கேரிதான் முசான்ஸே, கிசெனிதான் ருபாவு, புட்டாரேதான் ஹுயே, கிபுயேதான் கரோங்கி, சியாங்குகுதான் ருசிஸி. மக்கள் வாயில் இரண்டுமே புழங்குகின்றன, பழைய வழிகாட்டி நூல்களில் பழையதே இருக்கிறது. இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு ஊர் என்று நினைத்து ஒரே ஊருக்கு இரண்டு இரவு அறை போட்டவர்களும் உண்டு.

ஊர் விட்டு ஊர்: பேருந்தை மிஞ்ச ஆளில்லை

கிகாலியின் வடமேற்கில் உள்ள நியாபுகோகோ நிலையத்திலிருந்து நாட்டின் எல்லாத் திசைக்கும் வண்டி கிளம்புகிறது. தனியார் நிறுவனங்கள் ஆளுக்கொரு திசையில் வலுவானவை. தெற்கே ஹுயேக்கு வால்கனோ, ஹொரைசன்; முசான்ஸேக்கும் ருபாவுக்கும் விருங்கா; கிழக்கே ஸ்டெல்லா. ரிட்கோவின் பெரிய பேருந்துகள் தொலைதூர ஊர்களுக்கும் போகும். ஓடுவதில் பெரும்பாலானவை 29 பேர் உட்காரும் டொயோட்டா கோஸ்டர் சிற்றுந்துகள்.

ஆள் நிரம்பும்வரை காத்திருந்து கிளம்பும் வழக்கம் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் உண்டு. இங்கே பெரிய தடங்களில் அப்படியில்லை. டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வண்டி நகரும், அரை மணிக்கு ஒன்று கிடைக்கும். கட்டணத்தை ருரா என்ற ஒழுங்காற்று அமைப்பு நிர்ணயிக்கிறது. பேரம் கிடையாது, வெளிநாட்டவர் என்று கூடுதலும் கிடையாது. முசான்ஸே, ஹுயே, ருபாவு எல்லாம் 5,000 பிராங்குக்குள் முடிந்துவிடும். ஒரு டாலர் ஏறக்குறைய 1,450 பிராங்க் என்ற கணக்கில் மூன்றரை டாலர்கூட ஆகாது. மார்ச் 2024இல் அரசு மானியத்தை எடுத்த பிறகு கட்டணம் ஏறியது, அப்படியும் இவ்வளவுதான்.

நியாபுகோகோவில் இறங்கியதும் நாலைந்து பேர் ஓடிவந்து பெட்டியைப் பிடிப்பார்கள். ஏமாற்றுக்காரர்கள் அல்ல, ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டால் அவர்கள் சொல்லும் வண்டியில்தான் ஏற வேண்டிவரும். பையை விடாமல், நிறுவனத்தின் பெயர் எழுதிய கவுண்டருக்கு நேராக நடந்து, ஊர், நேரம் இரண்டையும் சொல்லி டிக்கெட் வாங்குங்கள். அச்சடித்த டிக்கெட்டில் கிளம்பும் நேரம் இருக்கும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் நேரடியாகப் போனால் அடுத்த இரண்டு மூன்று வண்டி நிறைந்திருக்கும். காலையிலேயே ஆள் அனுப்பியாவது வாங்கிவிடுவது நல்லது.

கோஸ்டரின் உண்மையான குறை சாமான். பின்னால் உள்ள இடம் சின்னது. பெரிய சூட்கேஸ் ஒன்று வைத்தால் அதோடு சரி. இரண்டாவதற்கு இன்னொரு சீட்டுக்கான காசு கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. நடைபாதையிலும் மடக்கு சீட் போட்டு ஆள் உட்காருவதால், பின்வரிசைக்காரர் இறங்க வேண்டுமென்றால் வரிசையே எழுந்து நிற்க வேண்டும். வழியில் இறங்குகிறவர்கள் முன்பக்கம் இடம் பிடியுங்கள். வளைவில் தலைசுற்றும் உடம்புக்காரர்கள் முசான்ஸே சாலைக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இன்னொன்று, ருவாண்டாவில் பொது இடத்தில், அதிலும் பேருந்துக்குள், சாப்பிடுவது அவ்வளவு நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. பொட்டலத்தைப் பிரிக்க இறங்கும்வரை பொறுங்கள். பொட்டலம் பிளாஸ்டிக் பையில் இருந்தால் அது வேறு தொல்லை. 2008இலிருந்து தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

கிகாலி நகரப் பேருந்து வேறு உலகம். ஏறும்போது டாப் அண்ட் கோ அட்டையைத் தட்ட வேண்டும், கையில் காசு வாங்கமாட்டார்கள். நிலையங்களில் முகவர்களிடம் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். மாலை நெரிசலில் வரிசை நீளும். இரண்டு மூன்று நாள் தங்குபவருக்கு அட்டையைவிட மோட்டோ லாபம்.

மோட்டோ: நகரத்துக்குள் ராஜா, நெடுஞ்சாலையில் வேண்டாம்

மோட்டோ என்பது இருசக்கர டாக்ஸி. ஓட்டுநர் எண் போட்ட மேலங்கி அணிந்திருப்பார், உங்களுக்கும் ஹெல்மெட் தருவார். ஒரு வண்டிக்கு ஒரே பயணி, அது சட்டம். கணவன், மனைவி, குழந்தை என்று மூவரை ஏற்றச் சொல்லிக் கெஞ்சினாலும் நடக்காது. காவலர் பிடித்தால் ஓட்டுநரின் பிழைப்பு போகும். கைக்குழந்தையோடு வரும் குடும்பம் மோட்டோவை மறந்துவிட்டு யெகோ போன்ற டாக்ஸிச் செயலிக்குப் போவதுதான் சரி.

நகருக்குள் குறுகிய தூரம் 500 முதல் 1,500 பிராங்க். ஏறுவதற்கு முன் "அங்ஙாஹே?" என்று விலை கேட்டு முடிவு செய்யுங்கள். மீட்டர் கட்டாயமாக்கப்பட்டு, ஓட்டுநர்கள் எதிர்த்து, பிறகு கைவிடப்பட்டது. ஆகவே பேச்சுதான் மீட்டர். விலாசம் சொல்வதைவிடப் பக்கத்துப் பெரிய கட்டடத்தையோ சந்தையையோ சொல்வது பலிக்கும். ஹெல்மெட் பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும்; தாடைப் பட்டையை நீங்களே இழுத்து இறுக்குங்கள், பட்டை அறுந்திருந்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள். பலர் தலையில் மாட்டியது என்பதால் உள்ளே ஒரு துணித்தொப்பி போட்டுக்கொள்வது உத்தமம். வேகம் அதிகமென்றால் "புஹோரோ" என்றால் குறைப்பார்.

பணம் கொடுப்பதில் ஒரு நெருடல். எல்லோரும் கைபேசி வழியாக அனுப்பும் மொபைல் மணியில் வாங்குகிறார்கள், 5,000 பிராங்க் நோட்டுக்குச் சில்லறை இருக்காது. விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி எம்டிஎன் நிறுவனத்தின் சிம் வாங்கி, மோமோ என்ற அதன் மொபைல் மணிக் கணக்கையும் திறந்துவிட்டால் பயணம் முழுவதற்கும் கவலை விட்டது. இல்லையென்றால் 500, 1,000 நோட்டுகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். கிளம்புவதற்கு முன் பயணக் காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள். இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து போனால் இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

பெரிய மழை பிடித்தால் மோட்டோக்கள் எல்லாம் ஒதுங்கி நின்றுவிடும். மார்ச் முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இதை எதிர்பார்த்தே புறப்படுங்கள்.

பூங்கா வாசல்: பணம் செலவாகும் இடம்

ஊர் விட்டு ஊர் போவதில் யாருக்கும் பெரிய குழப்பம் வராது. ஊரிலிருந்து தேசியப் பூங்காவின் வாசலுக்குப் போகும் அந்தக் கடைசி 10, 30 கிலோமீட்டர்தான் எந்த வண்டி என்று தீர்மானிக்கிறது. மூன்று பூங்காவுக்கும் மூன்று விடை.

கொரில்லா பார்க்கும் எரிமலைப் பூங்காவுக்கு ஒரு நபருக்கு அனுமதிக் கட்டணம் 1,500 டாலர். காலை 7 மணிக்கு கினிகியில் உள்ள தலைமையகத்தில் ஆஜராக வேண்டும். அது முசான்ஸே ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். கிகாலியிலிருந்து விடிகாலை முதல் பேருந்தைப் பிடித்து 7 மணிக்கு கினிகியில் நிற்பது நடக்காத காரியம். பிந்தினால் அனுமதியும் போகும், பணமும் போகும். ஆகவே முந்தின இரவு முசான்ஸேயிலோ கினிகியிலோ தங்க வேண்டும்.

அங்கேயும் முடியவில்லை. தலைமையகத்தில் குழு பிரித்த பிறகு, ஒவ்வொரு குழுவும் மலையேற்றம் தொடங்கும் இடத்துக்குத் தன் வண்டியில்தான் போக வேண்டும். பூங்கா வண்டி தராது. அந்தப் பாதை கரடுமுரடான எரிமலைக் கல். சில குழுக்களுக்குப் பத்து நிமிடம், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம். எந்தக் குழு கிடைக்கும் என்று காலையில்தான் தெரியும். மோட்டோவில் கினிகி வரை வந்துவிட்டு, "யாராவது ஏற்றிக்கொள்வார்கள்" என்று நிற்பவர்கள் உண்டு. பல நாள் ஏற்றிக்கொள்வார்கள்தான், ஆனால் 1,500 டாலரை வைத்து அந்தச் சூதாட்டம் தேவையா? முசான்ஸேயில் ஓட்டுநரோடு ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒரு நாளைக்கு 80 முதல் 100 டாலர். தங்கும் விடுதியில் முந்தின மாலையே கேட்டால், அதே நாள் அனுமதி வைத்திருக்கும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வாய்ப்பு அதிகம். பகிர்வதாக இருந்தால் காலையில் இருவரும் ஒரே குழுவில் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அககேரா வேறு கதை. கிழக்கு எல்லையில் புல்வெளி, யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் இருக்கும் பூங்கா. நுழைவது தெற்கு வாசலில் மட்டும்; வெளியேறத் தெற்கும் உண்டு, வடக்கும் உண்டு. கபரோண்டோ வரை பேருந்தில் வந்து, மீதி 27 கிலோமீட்டர் மண் சாலையில் மோட்டோ பிடித்து வாசலுக்கு வரலாம். மோட்டோ உள்ளே போகக் கூடாது. அதற்குமேல் பூங்காவே வழிகாட்டியோடு வாடகைக்கு விடும் சஃபாரி வண்டியை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். செலவு குறைவு, ஆனால் மோட்டோ சுணங்கினாலும் மழை வந்தாலும் காலைச் சவாரி கையைவிட்டுப் போகும். விலங்குகள் நடமாடுவது விடிந்ததும் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான். கிகாலியிலிருந்து வாசலுக்கு இரண்டரை மணி என்பதால், 6 மணிக்கு உள்ளே நுழைய 3:30க்குக் கிளம்ப வேண்டும்.

சொந்தமாகக் கார் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நாட்டிலேயே பொருத்தமான இடம் அககேராதான். தெற்கில் நுழைந்து வடக்கில் வெளியேற நின்று நிதானமாக ஓட்டினால் ஒரு முழுப் பகல், குறைந்தது ஆறு மணி நேரம். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது. கயோன்ஸாவிலேயே டாங்கை நிரப்புங்கள். நீலம், கருப்பு உடை வேண்டாம். செட்சி ஈ அந்த இரண்டு நிறத்தையும் தேடிவந்து கடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம்.

நியுங்வே மழைக்காடு மூன்றிலும் ஏமாற்றுக்கார இடம். ஹுயேயிலிருந்து ருசிஸி போகும் தார்ச்சாலை காட்டின் நடுவே போகிறது. மரமுகட்டுத் தொங்குபாலம் உள்ள உவிங்கா மையம் சாலையோரத்திலேயே இருக்கிறது. "பேருந்தில் போய் இறங்கிவிடலாமே" என்று தோன்றும், போவது சரிதான். ருசிஸி வரைக்கும் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு உவிங்காவில் இறக்கிவிடுவார்கள். திரும்புவதுதான் வினை. எதிர்த்திசையில் வரும் வண்டி ருசிஸியிலேயே நிறைந்து வரும். காட்டுக்குள் கை காட்டினால் நிற்காது, மோட்டோவும் அங்கே கிடையாது. மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பேருந்திலேயே வந்தவர்கள் மேற்கு விளிம்பில் உள்ள கிசகுராவில் அறை எடுத்து, விடுதி மூலம் வண்டி பேசிக்கொள்ளட்டும். சிம்பன்சி பார்க்க விடிகாலை 5 மணிக்குப் புறப்பட வேண்டியிருப்பதால் அதற்கும் வண்டி இல்லாமல் முடியாது.

காரை எடுப்பதென்றால்

ஓட்டுநர் இல்லாமல் பழைய ராவ்4 ஒரு நாளைக்கு 50 முதல் 65 டாலர். கூரைக்கூடாரம் வைத்த லேண்ட் குரூசர் நூறைத் தாண்டும். ஓட்டுநர் வேண்டுமென்றால் அதற்குமேல் 25 டாலர் வரை. பெட்ரோல் லிட்டர் 1.3 டாலரை ஒட்டி இருக்கும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு பெரிய மாற்றம்: ருவாண்டாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். வாடகை வண்டிகள் பல இன்னும் கியர் வண்டிகள். கியரைப் போடுவது வலது கை. முதல் நாள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடுவது சிரிப்பு, ஆனால் கிகாலியின் ரவுண்டானாவில் தவறான பக்கம் திரும்புவது சிரிப்பல்ல. முதல் முறை ஓட்டுகிறவர்கள் ஞாயிறு காலை போல் நெரிசல் இல்லாத நேரத்தில் வண்டியை எடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள்.

வேகக் கேமராவை உள்ளூர்க்காரர்கள் "சோஃபியா" என்கிறார்கள். சாலையோரத்தில், எதிர்பாராத இறக்கத்தின் அடியில், வரம்பு 60இலிருந்து 40ஆக மாறும் இடத்தில் சோஃபியா நிற்பாள். அபராதம் வண்டி எண்ணில் பதிவாகி உரிமையாளருக்குப் போகும். உங்களுக்குத் தெரியாது, திருப்பிக் கொடுக்கும் நாளில் டெபாசிட்டில் கழிப்பார்கள். எத்தனை, எந்தத் தேதி என்று பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி எடுக்கும்போது கீறல்களை வீடியோ எடுப்பது எல்லோரும் செய்வதுதான். பலர் விடுவது ஸ்டெப்னி. இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்; ஜாக்கியும் சக்கரத் திருகியும் அந்த வண்டிக்குப் பொருந்துகிறதா என்று கழற்றியே பாருங்கள். முக்கோணப் பலகை, தீயணைப்பான், காப்பீட்டுச் சீட்டு, தொழில்நுட்பச் சோதனைச் சான்று எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். காவலர் மரியாதையாகத்தான் நிறுத்துவார், மரியாதையாகவே எல்லாவற்றையும் கேட்பார். ஒன்று இல்லையென்றால் பேசிப் பயனில்லை, கையூட்டு நீட்டினால் நேராக வழக்கு.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். கொள்ளை பயத்தால் சொல்லவில்லை. சாலையோரம் முழுக்க நடந்து போகிறவர்கள், விளக்கில்லாத சைக்கிளில் உருளைக்கிழங்கு மூட்டை, முசான்ஸே, ருபாவு ஏற்றத்தில் லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிவரும் சைக்கிள்காரர்கள். பகலிலேயே வளைவு திரும்பியதும் நெஞ்சு பதறும்.

உகாண்டாவுக்கும் ஓட்டிப் போகும் எண்ணமிருந்தால் வாடகை நிறுவனத்தின் எழுத்து அனுமதியும், எல்லை தாண்டியும் செல்லும் கொமேசா மஞ்சள் அட்டைக் காப்பீடும் வேண்டும். எல்லையைத் தாண்டியதும் மறுபடி இடப்பக்கம்.

இரண்டு பேர், ஏழு நாள், கொரில்லாவும் அககேராவும் ஏரியும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு நாளும் சொந்தமாக ஓட்டும் ராவ்4 என்றால் வாடகை 420, ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 115, ஆக 535 டாலர். ஓட்டுநரும் சேர்ந்தால் 700ஐத் தொடும். பேருந்தும் மோட்டோவும் இருவருக்கும் சேர்த்து 50, கினிகிக்கு ஒரு நாள் ஜீப் 90, அககேராவுக்கு கிகாலியிலிருந்து ஓட்டுநரோடு ஒரு நாள் வண்டி 140 என்றால் 280. ஏழு நாள் காரில் நான்கு நாள் அது விடுதி வாசலில் சும்மா நிற்கும் என்பதால்தான் இந்த வித்தியாசம். நான்கு பேர் சேர்ந்து வந்தாலோ, பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தாலோ, நியுங்வேயும் பட்டியலில் இருந்தாலோ ஓட்டுநரோடு கார் என்பது தயங்காமல் எடுக்க வேண்டிய முடிவு. தனியாக வருகிறவருக்கும் இளம் தம்பதிக்கும் கலப்புதான் சரி. ஏழு நாளும் தானே ஓட்டுவது, ஓட்டுவதையே விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

மற்றவை சுருக்கமாக. கிகாலிக்கும் ருசிஸியில் உள்ள கமெம்பேக்கும் இடையிலான விமானம் ஆறு மணி நேரப் பயணத்தை அரை மணிக்குச் சுருக்கும். திரும்பி வரும்போது மட்டும் அதைப் பிடித்தால் நியுங்வே பயணம் நோகாது. கிவு ஏரியில் கரோங்கியிலிருந்து தீவுகளுக்குப் படகு வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ஊர் விட்டு ஊர் போகப் படகை நம்பி நாள் குறிக்காதீர்கள். ருபாவுக்கும் ருசிஸிக்கும் நடுவே 227 கிலோமீட்டர் காங்கோ நைல் பாதையைச் சைக்கிளில் ஐந்து நாளில் முடிக்கலாம், தொடை அனுமதித்தால். ருபாவு காங்கோவின் கோமா நகரை ஒட்டியே இருக்கிறது. 2025 ஜனவரியில் கோமா கிளர்ச்சிப் படையிடம் விழுந்த பிறகு அந்தப் பக்க நிலவரம் நிலையாக இல்லை. உங்கள் நாட்டுத் தூதரக அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியில் இரண்டைப் பாருங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை உமுகண்டா, ஊர்கூடி உழைக்கும் நேரம். பேருந்து ஓடாது, கடை திறக்காது. அன்று 7 மணிக்கு முன்பே கிளம்புங்கள், இல்லையென்றால் மதியம்தான். ஏப்ரல் 7 இனப்படுகொலை நினைவு நாள். அன்றும் அதைத் தொடரும் வாரத்திலும் பல சேவைகள் பாதி நேரம்தான்.

பதிவு செய்யும் வரிசையும் இப்படி இருக்கட்டும்: முதலில் கொரில்லா அனுமதித் தேதி, பிறகு அதற்கு முந்தின இரவு முசான்ஸே அறை, பிறகு அககேரா வண்டி. மீதி ஊர்களை இவற்றைச் சுற்றி அடுக்குங்கள். பேருந்து டிக்கெட்டுக்கு முந்தின நாள் போதும்.